பவளத் தொட்டியில் முளைக்கும் காட்டாமணக்கு

தை மாதம் மன்னார்குடியிலிருந்து அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். புதிதாக வைத்த இரண்டடி உப்புநீர்த் தொட்டி. கல்லிடுக்கில் விரல்நகம் அளவுக்கு, பழுப்புக் கண்ணாடியில் ஊதி எடுத்தது போல ஒரு பூ. கூடவே குரல்செய்தி: "மாமா, அனிமோன் ஒன்னு தானாவே முளைச்சிருக்கு மாமா. பைசா கொடுக்கல." கடையில் அனிமோன் என்னும் பூப்போன்ற கடல் உயிரின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தவன் அவன். சந்தோஷம் இருக்காதா? "கை வைக்காதே, ராத்திரி பேசறேன்" என்று எழுதிப் போட்டேன். நான் கூப்பிடுவதற்குள் அவனே எங்கோ தேடிப் பார்த்து, வந்திருப்பது ஐப்டேசியா என்ற களை என்று தெரிந்துகொண்டு, பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே கல்லைத் தேய்த்துவிட்டான். பூவைக் காணோம். மாசி நடுவில் மறுபடி போன். "மாமா, எண்ணிப் பார்த்தேன். பதினொன்னு இருக்கு."

அந்த ஒன்று எப்படிப் பதினொன்றானது என்று புரிந்தால் இந்தக் களையைப் பற்றி முக்கால்வாசி புரிந்த மாதிரி. டெல்டாக்காரர்களுக்கு அதைப் புரிய வைக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். வாய்க்கால் கரைக்குப் போனால் போதும்.

நெய்வேலிக் காட்டாமணக்கைப் பார்த்திருப்பீர்கள். ஊதாப் பூ பூத்துக்கொண்டு, வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வார வருகிறவர்கள் அதை வெட்டிக் கரையில் போடுவார்கள். கரையில் கிடந்த தண்டு ஈரம் பட்டதும் அங்கேயே வேர் விடும். தண்ணீரில் விழுந்த தண்டு மிதந்து போய் அடுத்த மதகில் ஒதுங்கி அங்கே துளிர்க்கும். வெட்டியவர் ஒரு புதரை ஒழித்தார், நாலு புதரை நட்டார். மருமகன் பிரஷ் போட்டது அதே கதைதான்.

அவன் தொட்டியில் வந்த ஐப்டேசியாவுக்கு வருவோம். கண்ணாடி அனிமோன் என்றும் சொல்வார்கள். அனிமோனைத் தமிழில் கடல் சாமந்தி என்று எழுதுவதும் உண்டு. அழகான பெயர்தான், ஆனால் பூ என்று நினைத்துவிட வேண்டாம், அது விலங்கு. ஜெல்லி மீனுக்கும் பவளத்துக்கும் பங்காளி. எலும்பு கிடையாது, ஓடு கிடையாது. தண்ணீர் நிரப்பிய ஒரு பை. மேலே ஒரு வாய். வாயைச் சுற்றிக் கைகள். கீழே கல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு பாதத்தட்டு. தின்பதும் கழிப்பதும் அந்த ஒரே வாய் வழியாக. கைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நுண்ணிய நூல் சுருண்டு உட்கார்ந்திருக்கும், ஏதாவது பட்டால் தெறித்துப் பாயும். சின்ன இறாலோ மீன்குஞ்சோ பட்டால் பிடித்து வாய்க்குள் தள்ளிவிடும்.

சாப்பாட்டுக்கு அதற்கு இரண்டு வழி. இரை பிடிப்பது ஒன்று. இன்னொன்று, உடம்புக்குள்ளேயே குடிவைத்திருக்கும் ஒற்றைச்செல் பாசி. வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைப்பதில் ஒரு பங்கு அனிமோனுக்குப் போகும். அந்தப் பழுப்பு நிறமே பாசியின் நிறம்தான். விளக்கை அணைத்துவிட்டால் செத்துவிடும் என்று சிலர் தொட்டியைப் போர்வையால் மூடுவார்கள். இருட்டில் பாசி போய் ஐப்டேசியா வெளுக்கும். ஆனால் வாயில் ஏதாவது விழுந்துகொண்டிருந்தால் வெள்ளை வெளேர் என்று உயிரோடு இருக்கும். பாசி இல்லாமலும் வாழ்ந்து, மறுபடி பாசியை ஏற்றுக்கொள்ளவும் செய்வதால், பவளங்கள் ஏன் வெளுக்கின்றன என்று ஆராய்கிறவர்கள் ஆய்வகத்தில் இதைக் காசு போட்டு வளர்க்கிறார்கள். நமக்குத் தொல்லையாக இருக்கும் அதே பிடிவாதம் அங்கே தகுதி.

இனி அந்தப் பாதத்தட்டு. ஐப்டேசியா கல்லின் மேல் மெல்ல நகரும். நகரும்போது பாதத்தின் ஓரத்திலிருந்து குண்டூசி முனை அளவு சதைத் துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் சுருண்டு, வாய் திறந்து, கை முளைத்து, சில வாரங்களில் தனி அனிமோன் ஆகிவிடும். யாரும் சீண்டாமலே இது நடக்கும். விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட்டுப் பெருகும் முறையும் அதற்கு உண்டு. நம் தொட்டியில் கணக்கை ஏற்றுவது பெரும்பாலும் இந்தத் துணுக்கு வேலைதான். பிரஷ்ஷால் தேய்க்கும்போது, கத்தியால் சுரண்டும்போது, இடுக்கியால் பிய்க்கும்போது, அது ஒரு மாதத்தில் செய்யும் வேலையை நாம் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுக்கிறோம். தண்ணீரைச் சுழற்றும் நல்ல பவர்ஹெட் பம்பு ஓடும் தொட்டியானால் துணுக்குகளை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் முடிந்தது.

ஆகவே முதல் பாடம் ஒன்றுதான்: ஐப்டேசியாவை எடுக்கக் கூடாது, இருந்த இடத்திலேயே முழுசாகக் கொல்ல வேண்டும். முழுசாகக் கொல்ல வழி இல்லாத நாளில் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

இது எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். காவிரி கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கலங்கிக் கிடக்கும் கரை நம்முடையது. பூம்புகாரிலோ தரங்கம்பாடியிலோ நின்று கடலைப் பார்த்தால் தெரியும் அந்த மண் நிறம். பவளத்துக்குத் தெளிந்த தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும். அதனால் பவளத்திட்டைப் பார்க்க வேண்டுமானால் நாம் தெற்கே ராமேஸ்வரம், மன்னார் வளைகுடாப் பக்கம்தான் போக வேண்டும். கும்பகோணத்திலோ மாயவரத்திலோ ஒருவர் பவளத் தொட்டி வைக்கிறார் என்றால் அதில் கல், மணல், உயிர் எல்லாமே வெளியூர்ச் சரக்கு. ஐப்டேசியாவும் அந்தச் சரக்கில் ஏறித்தான் வருகிறது: கல்லின் ஓட்டைக்குள், ஃபிராக் என்னும் பவளத் துண்டு ஒட்டியிருக்கும் சின்ன சிமெண்டுக் குமிழின் அடியில், சில சமயம் நத்தை ஓட்டின் மேலேயே. கடுகு அளவு ஒன்று ஒளிந்திருந்தால் போதும்.

சொல்ல வந்ததோடு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். "ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து அசல் கல் வருது, பவளம் ஒட்டியே இருக்கும்" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கல் போல் வளரும் கடினப் பவளங்கள் எல்லாமே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமாக முதல் அட்டவணையில் இருப்பவை. மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986லிருந்து தேசியப் பூங்கா. களை வருமோ வராதோ, வழக்கு வரும். நான் கல் போல் வளராத காளான் பவளமும், பூ மெத்தை போலப் பரவும் ஜோவாந்திடுகளும் மட்டுமே வைத்திருக்கிறேன், செயற்கைக் கல்லில்.

இப்போது அடையாளம். அவசரப்பட்டுக் கொல்லக் கிளம்பும் முன் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் நான் ஒரு முறை அப்பாவியைக் கொன்றிருக்கிறேன். ஐப்டேசியாவுக்கு ஒல்லியான தண்டு. வாயைச் சுற்றி நீளமான, நுனி கூர்ந்த, ஒளி ஊடுருவும் கைகள். உள்சுற்றுக் கைகள் நீளம், வெளிச்சுற்று குட்டை. தென்னங்கன்றை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். குச்சியால் தொட்டால் நொடியில் சுருங்கி ஓட்டைக்குள் போய்விடும். மிகவும் சீண்டினால் உடம்பிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் தள்ளும். அந்த நூலைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். நான் கொன்ற அப்பாவி ஒரு விசிறிப்புழு. அதற்கும் மேலே வட்டமாக விரியும் கொண்டை உண்டு. ஆனால் அது ஒவ்வொரு கதிரிலும் கிளைத்த இறகு மாதிரி இருக்கும், கீழே தண்டுக்குப் பதில் தாளால் சுற்றியது போன்ற குழாய் இருக்கும். நிழல் பட்டாலே உள்ளே போய்விடும். தண்ணீரை வடிகட்டித் தின்னும் சாது. ஒரு சிரிஞ்சு முழுக்க மருந்தை அதன் தலையில் கொட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன்.

இன்னொரு களை அனிமோனும் இருக்கிறது, மஜானோ. குட்டை உடம்பு, தடித்த கைகள், நுனி கொஞ்சம் உருண்டிருக்கும். பச்சையும் பழுப்புமாக, சிலதில் நுனி மட்டும் ரோஸ் நிறத்தில், பார்க்க நன்றாகவே இருக்கும். கோமாளி மீன் குடியிருக்கும் குமிழ்நுனி அனிமோனின் குட்டி என்று நினைத்து இதைக் காசு கொடுத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். குமிழ்நுனி அனிமோன் வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வரும், ஒன்றாகவோ இரண்டாகவோ இருக்கும். மஜானோ ரூபாய் நாணயம் அளவில் நின்றுவிட்டு, கூட்டமாகப் பரவும். ஐப்டேசியாவுக்குப் பின்னால் சொல்லப்போகும் சுண்ணாம்பு வைத்தியம் இதற்கும் பொருந்தும். தின்னும் பிராணிகள்தான் இதை அவ்வளவாகச் சீண்டாது.

சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டால் என்ன? ஓரளவுக்கு விடலாம் என்பதே என் கருத்து. மீன் மட்டும் இருக்கும் பெரிய தொட்டியில் நாலைந்து ஐப்டேசியா இருந்தால் தலை போகாது. மிச்ச உணவைப் பிடித்துத் தின்றுகொண்டு அதுபாட்டுக்கு இருக்கும். பவளம் வைத்தவருக்குத்தான் வினை. ஜோவாந்திடு மெத்தை ஓரத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தால் கை எட்டும் தூரம் வரைக்கும் கொட்டிக்கொண்டே இருக்கும். முதலில் பக்கத்துப் பூ மூடும். பிறகு அந்த வரிசை திறக்காது. பிறகு அழுகும். அழுகிய இடத்தில் துணுக்கு உட்காரும். வயலில் ஒரு மூலையில் தலை காட்டித்தான் மெல்ல முழு வயலையும் கோரை பிடிக்கும், அப்படி.

உயிர்ப்பிடிப்பும் அசாத்தியம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபோது நான் திருத்துறைப்பூண்டியில் குடியிருந்தேன். மரம் விழாத தெரு இல்லை, மின்கம்பம் நின்ற இடமில்லை. கரண்ட் எப்போது வரும் என்ற கேள்வியே நாள்கணக்கைத் தாண்டிப் போய்விட்டது. முதல் இரவிலேயே மூச்சுக்கு ஆக்ஸிஜன் இல்லாமல் மீன்கள் போயின. அடுத்தடுத்து எல்லாம் போயிற்று. கூரையைப் பார்ப்பதா தொட்டியைப் பார்ப்பதா? அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து, நாறிப் போன தண்ணீரை இறைக்கலாம் என்று துணியை மூக்கில் கட்டிக்கொண்டு டார்ச் அடித்தால், கல்லின் அடிப்புறம் இரண்டு ஐப்டேசியா. வெளுத்துப்போய், ஆனால் கையை விரித்துக்கொண்டு. எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை.

சரி, கொல்லும் கதைக்கு வருவோம். முதலில் செய்யக் கூடாதவை, ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் அடிபடுகிறார்கள்.

சுரண்டல், வெட்டல் பற்றிச் சொல்லியாயிற்று. தாமிர மருந்து: மீன் கடையில் வெண்புள்ளி நோய்க்குக் கொடுப்பது. அனிமோனைக் கொல்லும், உண்மை. பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் சேர்த்தே கொல்லும். கல்லும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கசியவிடும். அந்தக் கல்லை நம்பி மறுபடி ஒரு இறால் விட முடியாது. கல்லை எடுத்து நல்ல தண்ணீரில் ஊறப்போடுவது: களையோடு கல்லுக்குள் இருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவும் போகும். அதே கல்லை அப்படியே திரும்ப வைத்தால் செத்ததெல்லாம் அழுகி அம்மோனியா ஏறும்.

கல்லை வேகவைப்பது. இதை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்கிறேன். "அடுப்புல ஏத்தி ஒரு கொதி விட்டா எல்லாம் போயிடும்" என்று தோன்றும், நம் சமையலறை புத்தி அப்படித்தான் போகும். ஜோவாந்திடு, அதன் இனமான பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. இயற்கையில் தெரிந்த விஷங்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று. கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை, ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும். தொட்டிக் கல்லைக் கொதிக்கவைத்து வீடே ஆஸ்பத்திரிக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. வீட்டில் குழந்தையும் வயசானவர்களும் இருப்பார்கள். பவளம் ஒட்டிய கல்லை ஒருநாளும் அடுப்பில் ஏற்றாதீர்கள், அதன் மேல் கொதிநீர் ஊற்றாதீர்கள், உலர்ந்த கல்லை மூச்சுக்குப் பக்கத்தில் வைத்து உடைக்காதீர்கள். ஜோவாந்திடைத் தொடும்போது கையுறை போடுங்கள்.

இனி சுண்ணாம்பு. கும்பகோணம் வெற்றிலைக்குப் பெயர் போன ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கிறது. மேல்நாட்டுக்காரர்கள் கல்க்வாசர் என்று ஜெர்மன் பெயர் வைத்து டப்பாவில் விற்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலை நரம்பைக் கிள்ளிவிட்டு முதுகில் தடவுகிறோமே, அதே பொருள். பவளம் வளர்ப்பவர்கள் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றுவது வழக்கம். பவளத்துக்கு வேண்டிய கால்சியம் அதில் கிடைக்கும். குழம்பாகப் பிசைந்து அனிமோன் மேல் வைத்தால் அதன் காரம் சதையை இருந்த இடத்திலேயே வேகவைத்துவிடும். காரத்தை அளக்கும் பி.எச். கணக்கில் சொன்னால் பவளத் தொட்டித் தண்ணீர் 8.1 முதல் 8.4 வரை, நிறைவுற்ற சுண்ணாம்பு நீர் 12.4. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோகுமே, அந்த வேக்காடுதான்.

மருமகன் இதைக் கேட்டதும் துள்ளினான். "அப்பாயி வெத்தலைச் செல்லத்துலயே இருக்கே மாமா!" இருக்கிறது. அதை எடுக்கக் கூடாது. கடை வெற்றிலைச் சுண்ணாம்பில் வாசனை, நிறம் என்று ஏதேதோ சேர்ப்பார்கள், அப்பாயியுடையது ரோஸ் நிறத்தில் பன்னீர் மணக்கும். கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தூய கால்சியம் ஹைட்ராக்சைடு என்று எழுதிய தூள்தான் வேண்டும். அது மலிவுதான், ஒரு டப்பா வருஷக்கணக்கில் வரும். மூடியை இறுக்கி வைக்க வேண்டும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்தால் அது வெறும் சுண்ணாம்புக்கல் ஆகிவிடும், காரம் போய்விடும். செல்லத்தில் காய்ந்து ஏடு கட்டிய சுண்ணாம்பு பாக்கைச் சிவக்க வைக்காததைப் பார்த்திருப்பீர்கள்.

செய்முறை இப்படி. ஆர்.ஓ. தண்ணீர் சில சொட்டு விட்டு, தூளைத் தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். சொட்டினால் சிதறாமல் கட்டியாக விழ வேண்டும். மருந்துக் கடை சிரிஞ்சில் ஏற்றி, முனையில் தடித்த மழுங்கல் ஊசியோ சின்ன குழாயோ செருகுங்கள். எல்லாப் பம்பையும் நிறுத்துங்கள், தண்ணீர் அசையாமல் நிற்கட்டும். இந்தக் கட்டத்தில்தான் பொறுமை. ஊசியைப் பார்த்ததும் ஐப்டேசியா உள்ளே போய்விட்டால் வேலை கெட்டது. வெளியே இருக்கும் தலையில் கொஞ்சம் சுண்ணாம்பு பட்டு, உள்ளே பாதம் பத்திரமாக இருக்கும், ஒரு வாரத்தில் மறுபடி தலை நீட்டும். ஆகவே முதலில் விருந்து வையுங்கள். கரைத்த இறால் துளியோ மீன் உணவோ அதன் மேல் ஒரு சொட்டு விழட்டும். வாயைத் திறந்து கையைக் குவிக்கும். அப்போது பக்கவாட்டிலிருந்து ஊசியை மெதுவாகக் கொண்டுபோய், தொடாமல், நேரே வாய்மேல் ஒரு சொட்டு. அது சுருங்கும்போது சுண்ணாம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டே போகும். உடனே அதன் ஓட்டையை மேலாக மூடுகிற அளவுக்கு இன்னும் கொஞ்சம் பூசுங்கள். இருபது நிமிஷம் அப்படியே விட்டு, மிஞ்சிய சுண்ணாம்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பம்பைப் போடுங்கள். பக்கத்தில் பவளம் இருந்தால் அதன் மேல் துகள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விழுந்த இடம் வெந்துவிடும்.

ஒரே நாளில் பதினொன்றையும் தீர்க்கிறேன் என்று கிளம்பக் கூடாது. சுண்ணாம்பு தண்ணீரின் பி.எச்.ஐ ஏற்றும், செத்த சதை அழுகி அம்மோனியா தரும். என்னுடைய இருநூறு லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து. பிறகு இரண்டு நாள் இடைவெளி. அவனுடைய சின்னத் தொட்டிக்கு இரண்டு போதும் என்றேன். முன்னும் பின்னும் பி.எச். பார்க்க வேண்டும். பெரியதை முதலில் அடிக்க வேண்டும், துணுக்குப் போடும் தாய் அதுதான்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சிரிஞ்சு அடைத்துக்கொள்ளும், நாம் அழுத்துவோம், திடீரென்று பீய்ச்சும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்துப் பார்வை போன குழந்தைகள் நம் நாட்டில் நிறையப் பேர். பட்டுவிட்டால் அந்த நிமிஷமே குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு, நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கடையில் ஐப்டேசியா மருந்து என்று தயார்நிலையில் குழம்பும் சிரிஞ்சுமாகக் கிடைக்கும். வேலை செய்யும், விலைதான் கொஞ்சம். உபயோகிக்கும் முறை அதே விருந்து வைக்கும் முறைதான். எலுமிச்சைச் சாறு, வினிகர் இரண்டையும் ஊசியால் உள்ளே செலுத்தலாம் என்பார்கள். செலுத்திப் பார்த்தேன். குத்தும்போது கிழிகிறது, கிழிந்ததிலிருந்து முளைக்கிறது. ஊறுகாய்க்கு ஆகும் பழத்தை அதில் வீணாக்க வேண்டாம். ஓட்டைக்குள் ஓடிவிடுகிறதா, தண்ணீருக்கடியில் இறுகும் எபாக்சி மாவை உருட்டி ஓட்டையையே அடைத்துவிடலாம். சில சமயம் பக்கத்து ஓட்டை வழியாக வெளியே வரும், அதையும் அடைக்க வேண்டியதுதான். தனியாக எடுக்கக்கூடிய சின்னக் கல்லானால் எல்லாவற்றையும் விடச் சுலபம்: பவளம் ஒன்றும் ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கல்லைத் தூக்கி மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் சில வாரம் காயப்போடுங்கள். பிறகு புதுக்கல் போலவே பாவித்து, முதலிலிருந்து பழக்கி வைக்க வேண்டும்.

எலிக்குப் பூனை வளர்ப்பது போல, தின்னும் பிராணியை விடலாமா? விடலாம், பூனையின் குணம் தெரிந்து விட வேண்டும். எல்லோரும் முதலில் போவது பெப்பர்மிண்ட் இறாலிடம். இரவில் வெளியே வந்து சின்ன ஐப்டேசியாக்களைப் பிய்த்துத் தின்னும். பெரியதின் பக்கம் போகாது. நாம் நன்றாகத் தீனி போட்டால் சின்னதின் பக்கமும் போகாது. என்னிடம் மூன்று இருந்தன, அதில் ஒன்றுதான் வேலைக்காரன், மற்ற இரண்டும் மீன் தீனிக்குக் காத்திருந்த சோம்பேறிகள் என்று நினைக்கிறேன். வாங்கும்போது ஒட்டக இறாலைத் தலையில் கட்டிவிடுவார்கள், கவனம். அதற்கு முதுகில் திமில் உண்டு, சிவப்புக்கு நடுவே பளிச்சென்று வெள்ளைக் கோடுகள் ஓடும், பவளத்தையே தின்னும். பெப்பர்மிண்டின் உடம்பு மங்கலாக, ஒளி ஊடுருவுவதாக, நெடுக்குவாட்டில் சிவப்புக் கோடுகளோடு இருக்கும், வெள்ளை இருக்காது.

பெர்கியா என்று ஒரு கடல் நத்தை, ஓடில்லாதது, விரற்கடை நீளம். அதற்கு உலகத்தில் ஒரே சாப்பாடு ஐப்டேசியா. வேறு எதையும் தொடாது. தின்னும்போது கொட்டும் செல்களை வெடிக்கவிடாமல் விழுங்கி, முதுகிலிருக்கும் கொம்புகளில் சேர்த்து வைத்துத் தன் ஆயுதமாக்கிக்கொள்ளும். இதைவிட நேர்த்தியான வேட்டைக்காரன் கிடையாது. சங்கடமும் அதே நேர்த்தியில்தான்: ஐப்டேசியா தீர்ந்த அன்றிலிருந்து அது பட்டினி. தீர்வதற்கு முன்பே அதை எடுத்து அடுத்த தொட்டிக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். மீன்கள் சில அதையும் விழுங்கும், பம்பும் இழுத்துக்கொள்ளும்.

நீள மூக்கு வண்ணத்துப்பூச்சி மீன், செம்புப்பட்டை என்பார்கள், ஓட்டைக்குள் மூக்கை விட்டு ஐப்டேசியாவைக் கொத்தி எடுக்கும். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். கடையிலிருந்து வந்து தீனி எடுக்காமலே சாகிற மீன்களில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஒரு சாண் வளரும், பெரிய தொட்டி வேண்டும். இரண்டடித் தொட்டியில் களை எடுக்க அதை வாங்குவது, ஒரு மூட்டை நெல்லை ஏற்ற லாரி வாங்குவது போல.

களை ஏன் ஒருவர் வீட்டில் பத்தாகவும் இன்னொருவர் வீட்டில் நூறாகவும் இருக்கிறது என்றால், தீனி. கொட்டிய உணவில் மீன் தின்றது போக மிச்சம் ஐப்டேசியாவுக்கு. மருமகன் காலையும் மாலையும் பாசத்தோடு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வேளையாக்கி, அதையும் ஒரு நிமிஷத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவாக்கினால் களை செத்துவிடாது, பெருகும் வேகம் குறையும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை உப்பு கரைக்கப் பயன்படுத்தவே கூடாது. கடலோரத்தில் அது முன்பே உவர், உள்ளே வந்தால் வயலுக்குப் போட்ட உரத்தின் நைட்ரேட்டும் இருக்கலாம். ஆர்.ஓ.வில் வடித்து, டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. வேதாரண்யத்து உப்பு போடலாமா என்றும் கேட்டான். சாம்பாருக்குப் போடலாம். பவளத் தொட்டிக்குக் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கணக்காகச் சேர்த்த கடலுப்புக் கலவைதான்.

புதிதாக எது வாங்கினாலும் நேரே தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு பக்கெட், ஒரு சின்ன பம்பு, ஒரு விளக்கு, மூன்று நான்கு வாரம். கடுகு அளவில் இருந்தது அதற்குள் தலை காட்டிவிடும். ஃபிராக்கை அதன் அடிக்குமிழிலிருந்து பெயர்த்து, குமிழைத் தூக்கி எறிந்துவிட்டு, பவளத்தை மட்டும் புதுக் குமிழில் ஒட்டுவது என் வழக்கம். கடைக்காரர்கள் தரும் குளியல் மருந்தில் முக்கினால் சில புழுக்கள் விழும், ஐப்டேசியா பெரும்பாலும் சுருங்கிக்கொண்டு தப்பித்துவிடும்.

பங்குனி கடைசியில் மன்னார்குடி போயிருந்தேன். ஒன்பது போயிருந்தது. இரண்டு மட்டும் பின்கண்ணாடியை ஒட்டிய கல்லுக்கு அடியில், சிரிஞ்சு எட்டாத இடத்தில். கல்லை நகர்த்தினால் மேலே அடுக்கியதெல்லாம் சரியும். "பிச்சு எடுத்துடவா மாமா?" என்றான், கையில் இடுக்கி. நான் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டான். அந்தப் பக்கம் பவளம் எதுவும் இல்லை, தீனியும் குறைந்துவிட்டது. வாரம் ஒரு தடவை டார்ச் அடித்து எண்ணிப் பார், மூன்றானால் சொல் என்றேன். அவன் சுவரில் தொங்கிய காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் எல்லாம் பென்சிலால் சின்னதாக 2 என்று போட ஆரம்பித்திருக்கிறான்.